ஆம்பூருக்கு எந்த ஷேடு?

காலை 6.50, வேலூர் புதிய பேருந்து நிலையம். உலகத்தைச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் குழாயில் போட்டு இடது தோளில் மாட்டியிருந்தேன். வலது தோளில் குழந்தையின் பை. நெஞ்சில் கட்டிய இன்னொரு பையில் ஒன்பது மாத ஜெனி, காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு ஊரைவிட்டு வெளியே போகும் முதல் பயணம். அதனால் வீட்டில் பையை மூன்று முறை பிரித்துப் பார்த்தேன். டயப்பர் ஆறு, மாற்றுத் துணி நான்கு, பிளாஸ்க், ராகிக் கஞ்சி, காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர். காய்ச்சலே இல்லாத குழந்தைக்குத் தெர்மாமீட்டர் எதற்கு என்று என் கணவர் கேட்டார். எடுத்து வெளியே வைத்தேன். அவர் குளிக்கப் போனதும் திரும்ப உள்ளே வைத்தேன். அவருக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. அன்று காலைப் பணி. விடுப்புப் போட்டு ஜெனியைப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று முதல் நாளே கேட்டிருந்தார். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். படுத்த பிறகுதான், வேண்டும் என்று சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது. ஜெனியின் எடை ஏழு கிலோ நானூறு கிராம். எதிர்வீட்டுப் பிள்ளை ஒன்பது கிலோவைத் தொட்டுவிட்டான். இந்த எடையில் இவளைப் பேருந்தில் ஏற்றலாமா என்பதும் அந்த யோசனையில் சேர்ந்துகொண்டது.

ஆனால் நிலையத்தில் டீசல் புகையும் இட்லிக் கடை ஆவியும் ஒன்றாக முகத்தில் அடித்தபோது எல்லாம் மறந்துபோயிற்று. பத்து மாதங்களாக நான் பேருந்து ஏறவே இல்லை.

எதற்காகப் போகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சுகாதாரத் தொண்டு நிறுவனத்தின் வேலூர் அலுவலகத்தில் கையேடுகளும் சுவரொட்டிகளும் தமிழில் எழுதுவது என் வேலை. எங்கள் நிறுவனம் ஆம்பூரில் ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறது. போதை மருந்தை ஊசியில் ஏற்றிக்கொள்கிறவர்கள் அங்கே வந்து பழைய ஊசியைப் போட்டுவிட்டுப் புதியது வாங்கிக்கொள்ளலாம். இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். ஊசியை விட விரும்பினால் மாற்று மருந்துக்காக மருத்துவரிடம் அழைத்துப் போவார்கள். ஒரே ஊசியைப் பலர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டால் எச்.ஐ.வி. பரவும், அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

அந்த வீட்டின் பதினோரு மாத ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. தெருவில் முணுமுணுப்பு எழுந்திருந்தது. ஊசியை நாமே கையில் கொடுத்தால் நோய் குறையுமா, கூடுமா என்று வீட்டுக்காரர் கேட்டிருந்தார். அவர் தோல் ஏற்றுமதியில் இருந்தவர்; பல நாடுகளுக்குப் போய் வந்தவர். மற்ற நாடுகளில் என்ன நிலைமை என்று காட்டுங்கள், பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டாராம். பிற்பகல் மூன்று மணிக்கு வருவார். அவருக்குக் காட்டத்தான் இந்த வரைபடம். ஊசி போட்டுக்கொள்கிறவர்களிடையே எச்.ஐ.வி. எந்த நாட்டில் எவ்வளவு என்பதை ஓர் ஆங்கில அட்டவணையிலிருந்து எடுத்து, ஜெனி தூங்கிய நேரங்களில் நான்கு நாள் உட்கார்ந்து நிறம் தீட்டியிருந்தேன். கம்மி என்றால் இளஞ்சிவப்பு, ஜாஸ்தி என்றால் அடர்சிவப்பு.

காலை 7.15. திருப்பத்தூர் பேருந்து. ஆம்பூருக்கு நாற்பத்தைந்து ரூபாய். ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. குழாயைப் பார்த்த நடத்துநர், "இன்னாமா, பாலாத்துல மீன் புடிக்கப் போறியா? தண்ணியே இல்லையே" என்றார். உலக வரைபடம் என்றேன். அப்படியானால் உலகத்துக்கும் சேர்த்து டிக்கெட் போடட்டுமா என்று கேட்டுவிட்டு ஒரே டிக்கெட்டைக் கிழித்தார்.

பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் பேருந்து நின்றபோது பக்கத்து இருக்கைப் பெண் பேச்சுக் கொடுத்தார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. கம்பெனி வண்டியைத் தவறவிட்டுவிட்டார். குழாயில் என்ன என்று அவரும் கேட்டார். எச்.ஐ.வி. என்ற சொல்லைப் பேருந்தில் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் தயங்கினேன். தயங்குவதற்காகவா கையேடு எழுதுகிறோம் என்று தோன்றியதும் சொல்லிவிட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண்ணோ அலட்டிக்கொள்ளவில்லை.

"நம்ம நாடு எப்பிடி? ஜாஸ்தியா, கம்மியா?"

"ஜாஸ்திதாங்க. நல்ல அடர்சிவப்பு."

"நம்ம நாட்டுல எதுதான் கம்மி" என்று சொல்லிவிட்டு ஜெனிக்குத் தன் வளையல்களை ஆட்டிக் காட்டினார். மாதனூர் வரும்வரை ஜெனி அவர் மடியில் இருந்தாள். சாலையின் இடப்பக்கம் மலை, வலப்பக்கம் வெறும் மணலாகப் பாலாறு. சன்னல் வழியே வந்த காற்றில் எனக்குப் பாட்டுப் பாடவேண்டும்போல இருந்தது.

ஆம்பூர் நெருங்குவதை என்னைவிட முன்னால் ஜெனி கண்டுகொண்டாள். மூக்கைச் சுருக்கினாள். அதற்கப்புறம்தான் பதனிடும் தோலின் வாசனை எனக்கு எட்டியது.

காலை 8.50. பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ, பதினைந்து ரூபாய். இரண்டு அறையும் ஒரு வராந்தாவும் உள்ள பச்சை நிற வீடு. வாசலிலேயே, பழைய ஊசிகளைப் போடும் மஞ்சள் டப்பா. கதவைத் திறந்தவர் யூசுப் பாய். நாற்பது வயது இருக்கும். இந்த வீட்டுக்கு வருகிறவர்களைத் தேடிப் போய் அழைத்துவருகிற களப்பணியாளர். ஒரு காலத்தில் அவரும் ஊசி போட்டுக்கொண்டவர். எட்டு வருடங்களாக இல்லை. தனக்கு எச்.ஐ.வி. இருப்பதையும் தினமும் மாத்திரை சாப்பிடுவதையும் ஊரில் யார் கேட்டாலும் சொல்வார். அதற்கெல்லாம் முன்னால் ஒரு தோல் கம்பெனியில் செலக்‌ஷன் மேஜையில் பதினோரு வருடம் நின்றவர். முடித்த தோல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது கழிவு என்று பிரிக்கிற வேலை அது.

வரைபடத்தைத் தரையில் விரித்து நான்கு மூலையிலும் செருப்பு வைத்தோம். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். யூசுப் பாய் குனிந்து, ஒரு தோலைத் தடவுவதுபோலக் கையை அமெரிக்காவிலிருந்து சீனா வரைக்கும் ஓட்டினார். அப்புறம் கேட்டார்:

"மேடம், இது பீஸ் கணக்கா, பர்சென்ட் கணக்கா?"

புரியவில்லை என்றேன்.

"ஆயிரம் பீஸ் லாட்டுல நூறு ரிஜெக்ட்டு. அம்பது பீஸ் லாட்டுல நாப்பது ரிஜெக்ட்டு. எந்த லாட்டு மோசம்?"

"ஐம்பது பீஸ் லாட்."

"உங்க படத்துல நூறு ரிஜெக்ட்டு இருக்கறதுதான் செவப்பா கீது. பெரிய கன்ட்ரியெல்லாம் செவப்பு, சின்ன கன்ட்ரியெல்லாம் வெளுப்பு. எனக்கு என்னமோ டவுட்டாவே கீது."

குழந்தையின் பைக்குள் கைவிட்டு அட்டவணையை எடுத்தேன். கஞ்சி டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்திருந்தேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்றில், அந்த நாட்டில் ஊசி போட்டுக்கொள்கிறவர்களில் மொத்தம் எத்தனை பேருக்கு எச்.ஐ.வி. இருக்கலாம் என்ற மதிப்பீடு. அடுத்ததில், அவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் என்பது. நான் முதல் கட்டத்திலிருந்து எடுத்திருந்தேன். எண்களை நான்கு முறை சரிபார்த்தவள், எந்தக் கட்டத்திலிருந்து எடுக்கிறேன் என்பதை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. தெர்மாமீட்டருக்காக அத்தனை யோசித்தவள்.

என் முகம் சுருங்கிவிட்டது போலிருக்கிறது. ரிஜெக்ட் என்ற சொல்லும் காதில் உறுத்திக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"ரிஜெக்ட்டுன்னு சொன்னேன்னு பாக்கறியாமா? அந்த நாப்பதுல நானும் ஒருத்தன். நான் சொல்லலாம். நீ படத்துல எழுதாத, அவ்ளோதான்."

மேடமாக இருந்த நான் எப்போது 'அம்மா' ஆனேன் என்று தெரியவில்லை. ஆனால் அதன் பிறகு பயம் குறைந்தது.

அட்டவணையை அவருக்கு வரி வரியாகப் படித்துச் சொன்னேன். படிக்கப் படிக்க உலகம் கண் முன்னால் இடம் மாறியது. ரஷ்யா இரண்டு கணக்கிலும் அடர்த்தி. ஆஸ்திரேலியா இரண்டிலும் வெளிர். அங்கே நோய் பரவத் தொடங்கியபோதே புதிய ஊசிகள் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சீனாவும் அமெரிக்காவும் ஒரு படி வெளுத்தன. இந்தியா நடுவில் வந்து நின்றது. நிம்மதிப்படுகிற நிலை இல்லை. ஆனால் நான் பேருந்தில் பறைசாற்றிய அடர்சிவப்பும் இல்லை. பிறகு மொரீஷியஸ். கடலில் ஒரு புள்ளி. நம் பெயர்களை வைத்துக்கொண்டிருக்கிற எத்தனையோ குடும்பங்கள் வாழும் தீவு. மிகச் சிறியது என்று நிறமே போடாமல் விட்டிருந்தேன். நூற்றுக்கு எத்தனை என்று பார்த்தால் அடர்த்தியான வரிசையில் இருந்தது. ஹாங்காங்கையும் அப்படித்தான், தனி நாடு இல்லையே என்று விட்டிருந்தேன். அது வெளிர்களிலேயே வெளிர்.

யூசுப் பாய் அடுத்ததாகக் கேட்டதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. "எந்தக் கட்டுலேர்ந்து எடுத்துப் பாத்தாங்க? வியாபாரி எப்பவும் நல்ல பீஸை மேல வெச்சித்தான் கட்டுவான். மேல இருக்கறதை மட்டும் பாத்தா கணக்கு தப்பு."

அதற்கான பதில் அட்டவணையின் அடிக்குறிப்புகளில் இருந்தது. இடம் இல்லை என்று நான் மொழிபெயர்க்காமல் விட்ட குறிப்புகள். சில நாடுகள் மருத்துவமனைக்குத் தாமாக வந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தன. சில, சிறையில் இருந்தவர்களை. சில, ஒரே ஒரு நகரத்தை. இவற்றையெல்லாம் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது என்று ஒரு குறிப்பு சொல்லவே செய்தது.

மணி 10.20. எதையும் இரண்டாக வாங்குகிற என் பழக்கத்தை என் கணவர் கேலி செய்வார். அன்று அது காப்பாற்றியது. குழாய்க்குள் நிறம் தீட்டாத இன்னொரு வரைபடம் இருந்தது, அதே கடையில் அறுபது ரூபாய்க்கு வாங்கியது. ஆனால் நிறப் பேனாக்கள் வேலூரில் இருந்தன. யூசுப் பாய் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், அரை மணி நேரத்தில் நான்கு சிறிய பாட்டில்களும் இரண்டு தூரிகைகளும் கொண்டுவந்தார். அவர் தம்பியின் ஷூ பட்டறையில் தோல் விளிம்புக்குப் பூசுகிற நிறம். வெளிரிலிருந்து அடர்த்தி வரை ஐவரி, டேன், பிரவுன், டார்க் பிரவுன்.

அடுத்த இரண்டு மணி நேரத்தைப்போல ஒன்றை நான் அண்மையில் அனுபவித்ததில்லை. நான் படித்தேன், அவர் பூசினார். அவர் கை கோடு தாண்டவே இல்லை. அரைகுறையாக எண்ணிய நாடுகளின் மேல் பென்சிலால் சாய்கோடுகள் போட்டேன். மொரீஷியஸுக்குத் தூரிகை பெரிதாக இருந்ததால் தீக்குச்சியின் முனையால் டார்க் பிரவுனைத் தொட்டு வைத்தோம். அது காய்வதற்குள் தவழ்ந்து வந்த ஜெனி கட்டைவிரலை அதன்மேல் அழுத்திவிட்டாள். தீவு நாலு மடங்கு பெரிதாகிவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி, சோப்புப் போட்டு, விரலை வாயில் வைக்காதபடி துணியைச் சுற்றினேன். கறை போகவில்லை. ஆய்வகத்தில் கணவரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன். வாயில் வைக்காவிட்டால் ஒன்றும் ஆகாது என்றார். இருந்தாலும் இன்னொரு முறை கழுவினேன். திரும்பி வந்தபோது யூசுப் பாய் அந்தப் புள்ளியைத் திருத்தாமல் விட்டிருந்தார். "வுடுமா. இப்பவாவது கண்ணுக்குத் தெரியுது."

மதியம் அரை பிளேட் பிரியாணி, தொண்ணூறு ரூபாய், கத்தரிக்காய்க் குழம்போடு. மூன்று மணியை நினைத்து எனக்கு இறங்கவில்லை. யூசுப் பாயும் பாதியை வைத்துவிட்டார். இந்த வீடு போனால் வேறு வீடு கிடைக்காதா என்று கேட்டேன். ஊசி என்று சொன்னால் ஆம்பூரில் யாரும் சாவி தரமாட்டார்கள் என்றார். வருகிறவர்கள் மறுபடி ரயில் பாதை ஓரத்துக்கும் பழைய ஊசிக்கும் போய்விடுவார்கள். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

பிற்பகல் 3.05. வீட்டுக்காரர் ஹாஜியார் வந்தார். தெருவில் எல்லோரும் அவரை அப்படித்தான் சொல்கிறார்கள். எழுபது வயதுக்காரர், செருப்பை வெளியே விடுமுன் மஞ்சள் டப்பாவைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். உள்ளே வந்து வரைபடத்தின் கீழ் மூலையில் இருந்த நான்கு நிறக் கட்டங்களைக் கண்டதும் சுளிப்பு மறைந்தது. "அட, ஷேடு கார்டு" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தோல் வியாபாரத்தில் நிறம் தேர்ந்தெடுக்கும் மாதிரி அட்டை அது. நான் மனப்பாடம் செய்துவைத்திருந்த விளக்கம் தேவைப்படவில்லை. நூற்றுக்கு எத்தனை என்று ஒரு வரி சொன்னேன். சாய்கோட்டைக் காட்டி இது என்ன என்று கேட்டார். மேல் பீஸ் மட்டும் பார்த்த கணக்கு என்றேன். தலையாட்டினார்.

அவர் விரல் ஹாங்காங்கில் நின்றது. "இது ஏன் ஐவரி?"

அங்கே பல வருடங்களாக மாற்று மருந்து தினமும் கொடுக்கிறார்கள், ஊசி தேவைப்படுகிறவர்கள் குறைந்துபோனார்கள் என்றேன். அவர் அந்தப் புள்ளியிலிருந்து விரலை எடுக்காமலே சொன்னார்:

"அங்க தோல் கண்காட்சிக்கு வருஷா வருஷம் போவேன். ஓட்டல் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி மாதிரி கட்டடம். காலைல ஏழு மணிக்கே லைன்ல நிப்பாங்க. கோட்டு போட்டவனும் நிப்பான், கூலிக்காரனும் நிப்பான். உள்ள போயி சின்ன கப்புல இன்னாவோ குடிச்சிட்டு வேலைக்குப் போய்டுவாங்க. ஏதோ கஷாயம்னு நெனச்சிட்டிருந்தேன்."

"அதான், ஹாஜி சாப், மாத்து மருந்து" என்றார் யூசுப் பாய்.

அப்போது ஹாஜியாரின் கண் குழாய்க்குள் சுருட்டி வைத்திருந்த பழைய வரைபடத்தின்மேல் விழுந்தது. அதிலே என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். யூசுப் பாய் என்னைப் பார்த்தார். இதைக் காட்டினால் எல்லாம் கெட்டுவிடுமோ, காட்டாவிட்டால் நாளைக்கு வேறு யாராவது சொல்லி அதைவிட மோசமாகக் கெடுமோ என்று மனசு இரண்டு பக்கமும் ஓடியது. எடுத்து விரித்தேன். இது நான் செய்த தப்பு, பீஸ் கணக்கில் போட்டுவிட்டேன், காலையில் இவர்தான் கண்டுபிடித்தார் என்றேன்.

ஹாஜியார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தச் செவப்பைக் காட்டியிருந்தா நான் சாவியை வாங்கிட்டுப் போயிருப்பேன்." பிறகு டார்க் பிரவுன் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்: "சரி, ஆம்பூருக்கு எந்த ஷேடு?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. அட்டவணையில் ஆம்பூர் இல்லை. வேலூரும் இல்லை.

"தெரியாதுங்க ஐயா. நம்ம ஊரை யாரும் சரியா எண்ணினதில்ல. இந்த வீட்டுக்கு வர்றவங்க கணக்கு எங்ககிட்ட இருக்கு. ஆனா அது மேல் பீஸ்தான்."

யூசுப் பாய் கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பது வருஷம் வியாபாரம் பண்ணேன்" என்றார் ஹாஜியார். "தெரியலைன்னு சொன்ன சப்ளையரைப் பாத்ததே இல்ல." பாட்டிலைக் கீழே வைத்தார். "பதினோரு மாசம் தர்றேன். தெருவுல நான் பேசிக்கிறேன். ரெண்டு கண்டிஷன். அந்த மஞ்சா டப்பா வாசல்ல நிக்கக்கூடாது, பின்னாடி வைங்க. அடுத்த அக்ரிமென்ட்டுக்கு வரும்போது இந்தப் படத்துல ஆம்பூருக்கு ஒரு ஷேடு இருக்கணும். மேல் பீஸை மட்டும் பாத்துட்டு வந்து என்கிட்ட ரேட் சொல்லக்கூடாது."

யூசுப் பாய் எழுந்து போய் மஞ்சள் டப்பாவை அப்போதே பின்பக்கம் தூக்கிக்கொண்டு போனார். அவர் திரும்பி வரக் கொஞ்ச நேரமானது. வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

மாலை 4.40, திரும்பும் பேருந்து. புதிய வரைபடம் அந்த வீட்டுச் சுவரில் இருக்கிறது. தப்பான வரைபடம் என்னோடு வந்தது. ஜெனி மார்பில் தூங்க, பாலாற்று மணல் வெயிலில் மினுங்க, எதிர்வீட்டுப் பிள்ளைக்கு என்ன வயது என்று திடீரென்று யோசித்தேன். பதினொன்றரை மாதம். ஒன்பது கிலோவை மட்டும் பார்த்துக்கொண்டு இத்தனை நாளாக அவனோடு என் பெண்ணை ஒப்பிட்டுக் கவலைப்பட்டிருக்கிறேன். பேருந்தில் தனியாகச் சிரித்தேன். நடத்துநர் வேறு ஆள், ஒன்றும் கேட்கவில்லை.

வீடு சேர்ந்தபோது 6.25. என் கணவர் ஜெனியைத் தூக்கி, கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாது இது?"

"மொரீஷியஸ்."

கதையைச் சொல்லிக்கொண்டே வரைபடத்தைத் திருப்பி மேஜையில் விரித்தேன். பின்பக்கம் முழுக்க வெள்ளை. மேலே ஆம்பூர் என்று எழுதினேன். யூசுப் பாய் சொன்ன ரயில் பாதையைக் கோடாகப் போட்டு, அதன் ஓரத்தில், வீட்டுக்கு வராதவர்கள் என்று எழுதினேன். அவர்களிடமிருந்து எண்ணத் தொடங்கினால்தான், நூற்றுக்கு எத்தனை என்று சொல்லும்போது அந்த நூறு முழு நூறாக இருக்கும். இப்போதைக்கு நிறம் எதுவும் இல்லை. பதினோரு மாதம் இருக்கிறது. அப்போது ஜெனிக்கு இருபது மாதம். அந்தப் பச்சை வீட்டுக்குள் அவளே நடந்து வருவாள்.